கலயமும் கருவூலமும்

கரிசற் காட்டிலே பருத்தி வெடிக்கும். கோவில்பட்டியிலே கூலி கைக்கு வரும். காத்துக் கிடக்கும் கள்ளுக்கடை! கடைக்காரர் தவறினால் அன்றைய சட்டம் என்ன செய்தது? ஏட்டைப் புரட்டுவோம் நாம்.

1886ஆம் ஆண்டுச் சென்னை ஆப்காரிச் சட்டத்தின்படி, ஏலத்தில் கடையெடுத்தவர் பணங்கட்டத் தவறினாலும் நிபந்தனையை மீறினாலும் உரிமம் பறிபோகும். பனைமரத்துக்கும் வரி உண்டு. கலயத்திலே சுண்ணாம்பு தடவினால் புளிப்பேறாது, அது பதநீர். தடவாவிட்டாலோ கள்! உரிமமின்றி அதை இறக்கிய பனையேறி குற்றவாளி. பானம் ஒன்றே, பனை ஒன்றே. ஒரு விரற்சுண்ணாம்பு இல்லாமை அவனைச் சிறைவாயிலுக்கு அனுப்பும்! சட்டம் காவல் காத்தது எதை? குடித்தவன் குடலையா, அவன் குழந்தையின் கஞ்சியையா? கருவூலத்தையன்றோ!

1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதையும் தழுவியபோது, கடையே குற்றமாயிற்று. 1971இல் விலக்கு ஒத்திவைக்கப்பட்டது. 1974க்குள் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் மீண்டும் மூடப்பட்டன. பின்னர் மாறியதும் மாற்றியதும் பல. 1983இல் பிறந்த அரசு வாணிபக் கழகத்தின் கைக்கே 2003இல் சில்லறை விற்பனையும் வந்தது. ஏலக்காரர் மறைந்தார், விற்பதும் அரசு, மீறலைப் பிடிப்பதும் அரசு! யார் உரிமத்தை யார் பறிப்பது? கூடுதல் விலைக்கு விற்ற பணியாளரை இடைநீக்கம் செய்கிறார்கள். கடை மறுநாளும் திறக்கிறது.