கோட்டைக்குப்பமும் பழவேற்காட்டுக் கடற்கரையும்

கோட்டைக்குப்பம் திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், பழவேற்காடு ஏரியின் தென்கோடியில் உள்ள மீனவர் ஊர். சென்னையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர். ஊருக்குப் பெயர் தந்த கோட்டை இன்று சீமைக்கருவேலம் மண்டிய மேடாகவும், அதைச் சுற்றிய அகழியின் சுவடாகவும் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. குப்பம் இருப்பது ஏரிக்கரையில். கடலைப் பார்க்க வேண்டுமானால் ஏரியின் நீரைத் தாண்டி, கிழக்கே நீளும் மணல்திட்டுக்குப் போக வேண்டும். கலங்கரை விளக்கமும், அதன் பெயரால் அழைக்கப்படும் லைட்ஹவுஸ் குப்பமும் அங்கேதான் உள்ளன. ஞாயிற்றுக்கிழமைகளிலும் பண்டிகை நாள்களிலும் சென்னை, பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் குடும்பங்கள் சாப்பாட்டுத் தூக்குகளோடும் குழந்தைகளோடும் வந்து இறங்கும் கரை அது.

சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. தமிழ்நாட்டுக்கு உரியது தெற்குத் துண்டு மட்டுமே. தெற்கில் ஆரணி ஆறும் வடக்கில் காளங்கி, சுவர்ணமுகி ஆறுகளும் ஏரியில் சேர்கின்றன. சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே சுவர்போல் கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. கடல்நீர் முகத்துவாரம் வழியாக உள்ளே ஏறி, மீண்டும் வடியும். மழைக்காலத்தில் ஆற்றுநீர் பெருகி உப்பு குறையும். கோடையில் நீர் வற்றி உப்பு ஏறும். இறால், நண்டு, மடவை, கொடுவா எல்லாம் இந்த மாற்றத்தை ஒட்டியே வளர்கின்றன. குளிர்காலத்தில் பூநாரைகளும் மற்ற வலசைப் பறவைகளும் ஆழமற்ற இந்த நீரைத் தேடித்தான் வருகின்றன. தமிழ்நாட்டுப் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

விடுமுறைக்கென்று கடற்கரைக்குப் பயணம் போகும் இன்றைய வழக்கம் மிகப் பழையதன்று. ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில் மருத்துவர்கள் உப்புநீர்க் குளியலைப் பரிந்துரைத்த பிறகே கடற்கரை ஊர்கள் விடுமுறை ஊர்களாயின. இத்தாலியின் ரிமினியில் 1843இல் குளியல் நிலையம் திறக்கப்பட்டது. சிறு மீனவத் துறைகள் பல அடுத்த நூறாண்டுகளில் குடும்பங்கள் தங்கிச் செல்லும் ஊர்களாக மாறின. இத்தாலியில் கரை அரசின் சொத்து. அதைத் துண்டு துண்டாகக் குத்தகைக்கு எடுத்தவர்கள் வரிசை வரிசையாகக் குடைகளும் சாய்வு நாற்காலிகளும் போட்டு வாடகை வாங்குகிறார்கள். சென்னை மெரினாவின் பெயரிலும் இத்தாலியின் சாயல் உண்டு. ஆளுநர் கிராண்ட் டஃப் 1884இல் அமைத்த கடற்கரை நடைபாதைக்கு, சிசிலியில் தாம் கண்ட கரைகளின் நினைவாக அந்தப் பெயரைச் சூட்டினார்.

தமிழ்க் கடற்கரைக்கு அதைவிடப் பழைய வழக்கங்கள் உண்டு. ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் முன்னோருக்கு நீர்க்கடன் செலுத்திக் கடலில் மூழ்கி எழுவார்கள். மாசி மகத்தன்று சாமிகள் கடலாடப் புறப்பட, ஊரே பின்னால் போகும். காணும் பொங்கலன்று கட்டுச்சோற்றோடு வண்டி கட்டி நீர்க்கரைக்குப் போவார்கள். பழவேற்காட்டுக்கு இன்று வரும் குடும்பங்களின் வருகையில் இத்தாலிய விடுமுறையைவிட இந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியே அதிகம். காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்களே பெரும்பாலோர்.

ஆனால் இந்தக் கரைக்கு முதலில் வந்தவர்கள் வணிகர்கள். விஜயநகர ஆட்சியில் பழவேற்காடு முக்கியத் துறைமுகம். முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் இங்கே நெடுங்காலமாக நிலைத்திருந்தன. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் குடியேறினர். மகிமை மாதா ஆலயம் அவர்கள் காலத்தில் தொடங்கியது. அவர்களை அடுத்து ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) வந்தனர். விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரிடம் 1610இல் உடன்படிக்கை செய்து பண்டகசாலை அமைத்தனர். சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர் 1612இல் அதைத் தாக்கி அழித்தனர். மறு ஆண்டே கோட்டை எழுந்தது. ஒல்லாந்தருக்குத் தலைமை தாங்கிய வெம்மர் வான் பெர்ஹெமின் சொந்த மாகாணமான ஹெல்டர்லாந்தின் பெயரால் அதற்கு ஹெல்ட்ரியா என்று பெயரிட்டனர். சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் தலைமையிடமாக 1690 வரை அது இருந்தது. பிறகு தலைமை நாகப்பட்டினத்துக்கு மாறியது.

இந்தத் துறையிலிருந்து போன சரக்குகளில் முதன்மையானது துணி. சுற்றுவட்டாரத்தில் நெய்தும் சாயமிட்டும் தந்த துணிகளைக் கொண்டுபோய்க் கொடுத்து, இந்தோனேசியத் தீவுகளில் ஒல்லாந்தர் மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினர். மலேசியாவில் ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட சாரம் இன்றும் ‘காயின் பெலிகாட்’ என்றே விற்கப்படுகிறது. அது இந்தத் துறைமுகத்தின் பெயர். கோட்டையில் வெடிமருந்தும் செய்தார்கள். மனிதர்களையும் ஏற்றினார்கள். பஞ்சமும் போரும் தலைவிரித்தாடிய 17ஆம் நூற்றாண்டில், விலைக்கு வாங்கப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழரும் தெலுங்கரும் இந்தக் கரையிலிருந்து பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அடிமைகளாக அனுப்பப்பட்டனர். கரையில் இதைச் சொல்லும் கல் எதுவும் இல்லை. நட்டே தீர வேண்டிய கல் அது.

ஒல்லாந்தர் விட்டுச் சென்றவற்றில் முழுமையாக எஞ்சியிருப்பது அவர்களுடைய கல்லறைத் தோட்டம். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இதன் வாசலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. மணற்கடிகாரமும் மண்டையோடும் சேர்ந்த அந்தச் சிற்பங்கள், உள்ளே நுழைபவருக்கு வாழ்நாள் குறைவு என்று சொல்லவே வைக்கப்பட்டன. உள்ளே கிடத்தப்பட்ட கருங்கற்பலகைகளில் குலச் சின்னங்களும் டச்சு எழுத்துகளும் ஆழமாக வெட்டப்பட்டுள்ளன. விரலால் தடவினால் எழுத்தின் விளிம்பு இன்னும் கூர்மையாகத் தட்டுப்படும். தமிழ்நாட்டின் பண்பாட்டை ஐரோப்பியருக்கு அறிமுகப்படுத்திய முதல் விரிவான நூல்களில் ஒன்றும் இந்த ஊரில்தான் கருக்கொண்டது. பழவேற்காட்டில் 1632 முதல் பத்தாண்டு காலம் போதகராக இருந்த ஆபிரகாம் ரோஜேரியுஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்தவற்றைக் கொண்டு எழுதிய நூல் 1651இல் ஹாலந்தில் வெளிவந்தது.

பழவேற்காடு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயருக்கும் ஒல்லாந்தருக்கும் இடையே கைமாறிக்கொண்டே இருந்தது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தனர். 1824ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி 1825இல் ஊர் நிலையாக அவர்கள் கைக்கு வந்தது. சென்னைத் துறைமுகம் வளர வளர இந்தத் துறை ஓய்ந்தது. பிறகு பக்கிங்காம் கால்வாய் சென்னையை ஏரியோடு இணைத்தபோது உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் வந்து போயின. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கூடூர் ரயில் பாதை பொன்னேரி வழியாகப் போய்விட்டதால், பழவேற்காடு ரயிலுக்கு எட்டாத ஊரானது. இந்த ஒதுக்கம்தான் கரையைப் பெரிய கட்டடங்கள் இல்லாமல் காப்பாற்றியது என்று கொள்ளலாம்.

கோட்டை இடிந்தது, குப்பம் இடியவில்லை. மீனவச் சமூகமான பட்டினவர் குடும்பங்கள் தங்கள் தொழிலுக்கு வகுத்துக்கொண்ட ‘பாடு’ முறை இந்தியக் கரையோர மீன்பிடி மரபுகளில் மிக நுட்பமானவற்றில் ஒன்று. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு அதைப் பற்றித் தனி ஆய்வே வெளியிட்டிருக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டிய சில நீரோட்டங்களில்தான் கழி நட்டுச் சுத்துவலை கட்ட முடியும். ஏரிக்கும் கடலுக்கும் இடையே நடமாடும் இறால் அந்த வழியாகத்தான் போக வேண்டும். அந்த இடங்களை யாரும் நிரந்தரமாகப் பிடித்துவைக்க முடியாது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களும் முறைவைத்து அந்த நீரைப் பகிர்ந்துகொள்கின்றன. ஊருக்குள் யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்பது சீட்டுப் போட்டு முடிவாகும். மணமான ஆண் தலைக்கட்டாகக் கணக்கில் சேர்ந்து பாட்டுக்கு உரியவராவார். நல்ல இடம் இன்று ஒருவருக்கு, நாளை இன்னொருவருக்கு. காவல் நிலையமும் நீதிமன்றமும் எட்டாத நீர்ப்பரப்பில் தலைமுறைகளாக அடிதடியைக் குறைத்து வைத்த ஏற்பாடு இது. இறால் ஏற்றுமதி சூடுபிடித்து விலை உயர்ந்த பிறகு, பாட்டில் பங்கில்லாத ஊர்களும் உரிமை கேட்டன. ஏரியில் எழுந்த மோதல்கள் பலவற்றுக்கு அதுவே காரணம்.

பாட்டுக்கு வெளியேயும் ஏரியில் உழைப்பவர்கள் உண்டு. இருளர் பெண்களும் ஆண்களும் இடுப்பளவு, கழுத்தளவு நீரில் நகர்ந்தபடி அடிச்சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். கைக்கு அகப்பட்ட இறால் நேராக அதற்குள் போகும். பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் பனங்குருத்தோலைக்குச் சாயமேற்றிப் பின்னும் பெட்டிகளும் கூடைகளும் சென்னைக் கடைகள் வரை போகின்றன.

பேருந்து வந்த பிறகுதான் வெளியூர்க் குடும்பங்கள் இங்கே பெருமளவில் வரத் தொடங்கின. பாலம் இல்லாத காலத்தில் கடற்கரைக்குப் போக ஏரியைப் படகில் கடக்க வேண்டும். அந்தச் சிறு பயணமே பிள்ளைகளுக்குப் பாதித் திருவிழா. பின்னால் வாகனங்கள் போகும் பாலம் கட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவில் 1971 அக்டோபரில் முதல் ராக்கெட் ஏவப்பட்டதிலிருந்து, வானில் ஏறும் நெருப்பைக் காணவும் மக்கள் இந்த மணலில் கூடுகிறார்கள். அதே நாள்களில் மீனவர்கள் கடலுக்குள் போகக் கூடாது என்று தடை வரும். பார்வையாளருக்குக் காட்சியாக அமைவது குப்பத்துக்குக் கூலி இழப்பு.

படகுச் சவாரி மீனவர்களுக்குப் பக்க வருமானமாக வளர்ந்தது. ஏரியில் சுற்றிவந்து முகத்துவாரம் வரை போய்த் திரும்பினார்கள். மீன் பிடிக்கக் கட்டிய படகுகள் அவை; எத்தனை பேரை ஏற்றலாம் என்ற கணக்கும் இருந்ததில்லை, உயிர்காப்புச் சட்டையும் இருந்ததில்லை. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாளன்று உல்லாசப் பயணம் வந்த ஒரே உறவுக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் சென்ற படகு கவிழ்ந்தது. பெண்களும் குழந்தைகளும் உட்பட 22 பேர் இறந்தனர். அதன்பின் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. ஏரி ஆழமற்றது என்ற நினைப்புதான் முதல் ஆபத்து. முகத்துவாரத்தில் கடலின் அலையும் ஏரியிலிருந்து பாயும் நீரும் மோதுகின்றன. மணல் அடிக்கடி இடம் மாறுவதால் நேற்று கால் ஊன்றிய இடம் இன்று பள்ளமாகிவிடும். நீச்சல் தெரிந்தவரையும் இழுக்கும் நீர் அது.

குத்தகைக் குடைகளும் உயிர்காப்பாளரின் கோபுரமும் உள்ள இத்தாலியக் கரைக்கும் பழவேற்காட்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு உழைப்பில் இருக்கிறது. இங்கே மணல் ஒரு தொழிற்கூடம். வலை உலர்வதும் பழுது பார்ப்பதும் கருவாடு காய்வதும் படகு ஏறுவதும் அதே இடத்தில்தான். அந்த இடத்தைக் காலி செய்து விடுதிகளுக்கும் பொழுதுபோக்குக்கும் கொடுப்பதை வளர்ச்சி என்று சொல்ல முடியாது. குப்பம் போனால் குடும்பங்கள் தேடிவரும் மீனும் ஏரியின் காவலும் சேர்ந்து போகும். மணல் தூர்ந்து முகத்துவாரம் அடைபடுவதும், தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டமும் மீனவர்கள் திரும்பத் திரும்பப் போராடும் பிரச்சினைகள். கடலோடு தொடர்பு அறுந்தால் ஏரி உப்பளமாகும் என்பது அவர்களுடைய அச்சம். அந்த அச்சம் நியாயமானது.

ஆகவே பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் முகத்துவாரத்தில் குளிக்க இறங்கக் கூடாது. தடையை மீறி யார் அழைத்தாலும் படகில் ஏறக் கூடாது. உலரும் வலையை மிதிக்காமல் சுற்றிப் போக வேண்டும். கொண்டுவந்த பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்துப் போக வேண்டும். மீன் வாங்குவதானால், ஏலம் முடிந்து கரையில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் குப்பத்துப் பெண்களிடமே வாங்க வேண்டும்.