பாய்மக் கணிப்பில் மெஷ் இறக்குமதி: ஒரு பரிசீலனை

பாய்மங்களின் இயக்கத்தைக் கணினியில் கணிப்போர், ஒரு மென்பொருளில் அமைத்த மெஷ்ஷை, அதாவது பாயும் வெளியைச் சிறு செல்களாகப் பகுத்த வலையை, மற்றொன்றில் இறக்கும் காரியத்தை வெறும் குமாஸ்தா வேலையாகக் கருதி, தம் கட்டுரைகளில் அதற்கு ஒரு வாக்கியத்துக்கு மேல் இடம் தருவதில்லை. கணக்கு எந்தப் பௌதிகப் பிரச்சினைக்கு விடை காணப்போகிறது என்பதே அவ்விடத்தில்தான் நிர்ணயமாகிறது என்பது என் அபிப்பிராயம்.

ஓப்பன்ஃபோம் என்னும் திறந்த மூல மென்பொருள், மெஷ்ஷைப் புள்ளிகள், முகங்கள், ஒவ்வொரு முகத்துக்கும் உரிய செல், அதன் அண்டைச் செல், எல்லைகள் எனப் பிரித்து வைக்கிறது. மெஷ் அமைக்கும் மென்பொருளான ஜிமெஷ்ஷின் கோப்போ புள்ளிகளையும் அவற்றால் கோத்த செல்களையுமே தருவதால், இடைப்பட்ட முகங்களையும், சிறிய எண்ணுள்ள செல்லிலிருந்து பெரிய எண்ணுள்ளதை நோக்கும் அவற்றின் திசையையும் கோப்பை மாற்றித் தரும் மாற்று நிரலே கண்டறிய வேண்டியிருக்கிறது. இதற்கு விதிகள் திட்டமாக இருப்பதால் இங்கே விபரீதம் அபூர்வம்.

விபரீதம் விளைவது அளவில். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் நொடிக்கு 5 சென்டிமீட்டர் வேகத்தில் செல்லும் நீரின், ஓட்டம் சீரானதா கொந்தளிப்பானதா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் ஏறக்குறைய 1000. அது வரிச்சீர் ஓட்டம். கோப்பிலுள்ள 20 என்னும் எண்ணை மென்பொருள் மீட்டராகக் கொண்டுவிட்டால், ரெனால்ட்ஸ் எண் 10 லட்சமாக உயர்ந்து, குழாய்க்குள் வேறொரு உலகமே நுழைந்துவிடுகிறது. ஆயினும் கணக்கு எவ்வித ஆட்சேபமுமின்றி நடந்து, வர்ணப் படங்களும் வந்து சேரும்.

எல்லைகளின் கதி இன்னும் நுட்பமானது. ஜிமெஷ்ஷில் ஓர் எல்லைக்கு இட்ட பெயர் ஓப்பன்ஃபோமுக்கு வந்து சேரும். ஆனால் அவ்வெல்லை ஒரு சுவர் என்னும் வகைக் குறிப்பு வந்து சேராது, அது பொதுவகையாகவே பதிவாகும். செக்குபந்தி எழுதாத கிரயப் பத்திரம் போன்ற அந்நிலையில், சுவரிலிருந்து தூரத்தை அளக்கும் கொந்தளிப்பு மாதிரிக்கு அளக்கத் தொடங்கச் சுவரே இராது. சுவரருகு ஓட்டத்தைத் தோராயமாகக் கணிக்கும் சுவர்ச் சார்பு கொடுத்திருந்தால் நிரல் பிழை சொல்லி நின்றுவிடும். அப்படி நிற்பது பாக்கியம் என்றே சொல்வேன். ஃப்ளூயண்ட் என்னும் மற்றொரு மென்பொருளின் கோப்பு எல்லையின் வகையையும் உடன் கொண்டுவருவதால் இத்தொல்லை அதில் குறைவு.

ஓப்பன்ஃபோமின் செக்மெஷ் என்னும் பரிசோதனை நிரல் ‘மெஷ் ஓகே’ என்று அச்சிடுவதைப் பிரமாணமாகக் காட்டுவோர் பலர். அது கோணப் பிறழ்வையும் செல்களின் கட்டுக்கோப்பையும் சோதிப்பது மெய். மீட்டரா மில்லிமீட்டரா என்பதை அது அறியாது, மெஷ்ஷின் நீள அகல உயரங்களை அச்சிட்டுவிட்டுத் தீர்ப்பை நம்மிடமே விட்டுவிடுகிறது.

1994-இல் போயிங்கும் நாசாவும் கூடித் தொடங்கிய சிஜிஎன்எஸ் என்னும் பொதுத் தரத்தில் அலகுக்கும் எல்லை வகைக்கும் தனித்தனி இடம் உண்டே என்று ஆட்சேபிக்கலாம். ஆனால் அலகுக்குரிய இடத்தை நிரப்பாமல் விடுவதையும் அத்தரம் அனுமதிக்கிறது. ஆதலால், இறக்கிய பின் கண்ட பரிமாணங்களையும் எல்லை வகைகளையும், மாற்று நிரலின் பதிப்பையும், ஆய்விதழ்கள் கட்டுரையாளரிடம் கேட்டு வாங்கி அச்சிடுவதே நியாயம்.