இளவட்டக்கல்லும் இரும்புத் தட்டும்

தென் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பாதி மண்ணில் புதைந்து கிடக்கும் உருண்டைக் கல்தான் ஒரு காலத்தில் ஊரின் ஜிம். இளவட்டக்கல்லைக் குத்தவைத்து அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சில் நிறுத்தி, தோளுக்குத் தூக்கிப் பின்பக்கம் போட வேண்டும். வழவழப்பான கல், பிடி கிடைப்பதே பெரும்பாடு.

ஆனால் கல்லின் எடை கூடாது, குறையாது. தூக்கினால் வீரன், இல்லாவிட்டால் கேலி!

தட்டு கோக்கும் இரும்புக் கம்பி வந்த பின்புதான் பயிற்சிக்குக் கணக்கு வந்தது. புதிதாகத் தொடங்குபவர் ஒவ்வொரு முறையும் இரண்டரை கிலோ ஏற்றலாம். சில மாதங்களில் அது நின்றுவிடும். இரண்டு நாள் ஓய்வில் உடம்பு தேறாது. இந்த இடைநிலைக்காரர்களுக்கு அமெரிக்கப் பயிற்சியாளர் பில் ஸ்டார் 1976இல் வெளியிட்ட நூலில் வழி இருந்தது: வாரம் மூன்று நாள், ஒருநாள் கனம், ஒருநாள் இலகு, ஒருநாள் நடுத்தரம். எடை கூடுவது வாரத்துக்கு ஒருமுறைதான். இலகு நாளைச் சோம்பேறித்தனம் என்று தள்ளுகிறவர்களே முதலில் தேங்குகிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்த இரும்புக்குப் பேர்போன ஊர் வேலூர் சத்துவாச்சாரி. அங்கே தேசிய அளவில் பளு தூக்கிய தந்தையின் மகன் சதீஷ் சிவலிங்கம், 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 77 கிலோ பிரிவில் 149, 179 என மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார்; 2018இல் கோல்டு கோஸ்டிலும் தங்கம் அவருக்கே.