ஹௌரா: நிலையமும் பாலமும்

கல்கத்தா மாநகரின் தலைவாயில் ஹூக்ளி ஆற்றின் மறுகரையில் அமைந்தது விந்தையே. 1854இல் ஹௌராவிலிருந்து முதல் இரயில் புறப்பட்டபோது, ஆற்றின்மேல் பாலம் இல்லை; பயணிகள் படகிலேயே கடந்தனர். 1874இல் மிதவைப் பாலம் வந்தது. ஆயினும் கப்பல்களுக்காக அது திறக்கப்படும்போதெல்லாம் சாலைப் போக்குவரத்து நின்றது. ஹால்சி ரிக்கார்டோ வடிவமைத்த செங்கற் கோபுர நிலையம் 1905இல் எழுந்த பின்னரும் இக்குறை தீரவில்லை.

தீர்த்தது 1943ஆம் ஆண்டின் எஃகுப் பாலம். ஆற்றினுள் தூண் ஒன்றும் ஊன்றாமல் 1,500 அடியைத் தாவி நிற்கிறது அது. சுமார் 26,500 டன் எஃகில் 23,000 டன் டாட்டா ஆலை தந்தது. திருகாணியின்றித் தறையாணிகளாலேயே பிணைத்தனர். 1965இல் இரவீந்திர சேது எனப் பெயர் பெற்றது.

சென்னை மெயிலில் வந்திறங்கிப் பிழைப்புத் தேடிய தமிழர்க்கு இந்நகரின் முதற்காட்சி இவ்விரண்டுமே அன்றோ! நிலையம் கரை சேர்த்தது. பாலமே நகர் சேர்த்தது.