கொலம்பியாவின் முதலாண்டு வகுப்பு

நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரியில் 1919இல் சேர்ந்த மாணவர்கள், மருத்துவராக விரும்பினாலும் வழக்கறிஞராக விரும்பினாலும், ஒரு பாடத்தைக் கட்டாயமாகப் படிக்க வேண்டியிருந்தது. ‘சமகால நாகரிகம்’ என்பது அதன் பெயர். வாரத்தில் ஐந்து நாள் வகுப்பு. வரலாறு, தத்துவம், பொருளியல், அரசியல் ஆகிய துறைகளின் ஆசிரியர்கள் சேர்ந்து அதை நடத்தினர். ஒரு தொழிலுக்கு மட்டும் ஆயத்தம் செய்யாமல் பல துறைகளையும் தழுவும் லிபரல் கல்வியை முதலாண்டு மாணவருக்கு அறிமுகப்படுத்தும் பாடங்களுக்குப் பின்னாளில் முன்மாதிரியானது இதுவே.

அதற்கு முந்திய நிலை வேறு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கக் கல்லூரிப் படிப்பின் முதுகெலும்பு கிரேக்கமும் இலத்தீனும் கணிதமும்தான். யேல் கல்லூரி 1828இல் அறிக்கையே வெளியிட்டு அந்தப் பழைய பாடத்திட்டத்தைக் காத்து நின்றது. 1869 முதல் 1909 வரை ஹார்வர்டின் தலைவராக இருந்த சார்லஸ் எலியட் அதைத் தளர்த்தி, வேண்டிய பாடத்தை மாணவரே தேர்ந்துகொள்ளும் முறையை வளர்த்தார். புதிய அறிவியல் துறைகள் தழைக்க அது வழிவிட்டது. ஆனால் ஒன்றாகப் பட்டம் வாங்கும் இருவர், இருவருமே படித்த நூல் என ஒன்றைக்கூடக் காட்ட முடியாத நிலையும் அதனால் வந்தது.

முதல் உலகப் போர்தான் கொலம்பியாவுக்கு ஒரு பொதுப்பாடத்தைத் தந்தது. 1918இல் கல்லூரியிலேயே படைப்பயிற்சி பெற்ற மாணவர்களுக்காக ‘போர்ப் பிரச்சினைகள்’ என்னும் பாடம் வைக்கப்பட்டது. அமெரிக்கா ஏன் போரிடுகிறது என்று எடுத்துச் சொல்வதே நோக்கம் என்பதால், அதில் பிரசார வாடை இல்லாமல் இல்லை. நவம்பரில் போர் ஓய்ந்தது. போருக்கு ஒரு பாடம் உண்டென்றால் அமைதிக்கும் ஒன்று வேண்டாமா என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் ‘சமகால நாகரிகம்’.

ஆங்கிலப் பேராசிரியர் ஜான் எர்ஸ்கின் வேறு வழியில் போனார். 1920இல் அவர் தொடங்கிய பாடத்தில், மேல்வகுப்பு மாணவர்கள் வாரம் ஒரு பெருநூலைப் படித்துவந்து விவாதித்தனர். ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு ஆசிரியர்கள். அவர்கள் தங்களுக்குள்ளேயே முரண்படவும் செய்வார்கள். ஹோமரை மொழிபெயர்ப்பில், அதுவும் ஒரே வாரத்தில் படிப்பது ஒரு படிப்பா என்று சக பேராசிரியர்கள் கேட்டனர். அந்த நூல்கள் அறிஞர்களுக்கென்று எழுதப்பட்டவை அல்ல என்பது எர்ஸ்கினின் கட்சி. அவருடைய மாணவர் மார்டிமர் ஆட்லர் இந்த முறையைச் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசென்றார். கொலம்பியாவிலோ 1937இல், இதே வழியில் அமைந்த இலக்கியப் பாடம் முதலாண்டினர் எல்லோருக்கும் கட்டாயமானது.

அந்த வகுப்புகள் சிறியவை. விரிவுரைக்கு அங்கு இடமில்லை. பிளேட்டோவை நடத்துபவர் ஷேக்ஸ்பியரில் ஊறியவராக இருக்கலாம்; தாந்தேயை நடத்துபவர் தத்துவத் துறைக்காரராக இருக்கலாம். எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு: கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸோடு ஒரு வாரம் கழிப்பது புலமை ஆகாது. ஆனால் முதலாண்டு முழுவதும் ஒரே வாரத்தில் ஒரே நூலைப் படித்ததால், வகுப்பில் தொடங்கிய வாக்குவாதம் விடுதியிலும் உணவுக்கூடத்திலும் தொடர இடம் கிடைத்தது. எலியட்டின் விருப்பப்பாட முறையால் தர முடியாதது அதுதான்.

எந்த நூல்கள் என்ற சண்டை மட்டும் ஓயவில்லை. பட்டியல் மேற்குலகோடு நின்றது பெருங்குறை. 1937இல் மாணவராகச் சேர்ந்த தியோடர் டி பாரி, பின்னர் அங்கேயே ஆசிரியராகி ஆசிய நாகரிகப் பாடங்களை வளர்த்தார். அவற்றுக்காகத் தொகுக்கப்பட்ட நூல்களில் ஒன்றான ‘இந்திய மரபின் மூலங்கள்’ 1958இல் வெளிவந்தது. பெண்களுக்கு இன்னும் தாமதம். கல்லூரி அவர்களைச் சேர்த்துக்கொண்டதே 1983இல்தான். முதலாண்டு இலக்கியப் பட்டியலில் ஜேன் ஆஸ்டின் இடம்பெற்றது 1985இல். கொலம்பியாவின் பட்லர் நூலகத்தின் முகப்பில் ஹோமர், ஹெரோடோட்டஸ் என ஆண்களின் பெயர்களே செதுக்கப்பட்டிருக்க, 1989இல் மாணவியர் பெண் எழுத்தாளர்களின் பெயர்கள் கொண்ட பதாகையை அதற்கு மேலே கட்டினர். கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசனின் நாவல் 2015இல் பட்டியலில் சேர்ந்தது.