நோயாளியின் வாய்த்தூய்மையும் ஒரு மிஸ்வாக் குச்சியும்

ஹிஜ்ரி 11, ரபீவுல் அவ்வல் மாதம் (கி.பி. 632). மதீனாவில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறுதி நோயில் அன்னையின் நெஞ்சில் சாய்ந்திருக்கிறார்கள். அன்னையின் சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி) மிஸ்வாக் குச்சியுடன் உள்ளே வருகிறார். அண்ணலாரின் பார்வை அதில் பதிகிறது. வாங்கித் தரட்டுமா என அன்னை வினவ, அண்ணலார் தலையசைக்கிறார்கள். குச்சி கடினமாக இருந்தமையால், மென்மையாக்கித் தரட்டுமா என மீண்டும் வினவுகிறார்கள், மீண்டும் தலையசைப்பு. அன்னை பற்களால் மென்று பதப்படுத்திக் கொடுத்த குச்சியால் அண்ணலார் பல் துலக்குகிறார்கள்.

ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறும் இந்நிகழ்ச்சியை அன்னையின் சிறப்புக்குச் சான்றாக எடுத்துரைப்பதே வழக்கம். அது முறையே. நாம் இதில் பணிவிடையின் ஒழுங்கொன்றையும் காண்கிறோம். நோயாளியின் பார்வை கவனிக்கப்படுகிறது. பேச இயலாத நிலையிலும் அவருடைய இசைவு இருமுறை கேட்கப்படுகிறது. கருவி அவருக்கேற்பப் பதமாகிறது. துலக்குவதோ அவரே! இயன்றதை நோயாளியே செய்யட்டும் என்றுதான் இன்றைய செவிலியர் கல்வியும் கற்பிக்கிறது.

இமாம் நவவி (மறைவு ஹிஜ்ரி 676) அவர்களின் 'மின்ஹாஜ்', சொரசொரப்பான எப்பொருளாலும் பல் துலக்கலாம், தன் விரல் மட்டும் போதாது என்கிறது. பிறருடைய சொரசொரப்பான விரல் போதும் என்பர் அதன் விரிவுரையாளர்கள். வெறும் சட்ட நுணுக்கமாகத் தோன்றும் இவ்விதி, கை எழாத ஒருவருக்கு எத்துணைப் பெரிய சலுகை!

லால்குடியை எடுத்துக்கொள்வோம். கொள்ளிடத்தின் வடபால், வாய்க்காலும் நெல்வயலும் சூழ்ந்த ஊர். மிஸ்வாக் தரும் உகா மரமோ வறண்ட நிலத்தையும் உவர்மண்ணையும் நாடுவது. குறுந்தொகையும் அதனைப் பாலை வழியிலேயே காட்டுகிறது. ஆகவே லால்குடி நோயாளிக்கு மென்மையான பிரஷோ ஈரத்துணியோ போதும்; மார்க்கம் அதற்கு இடம் தந்தே உள்ளது.

மய்யித்தைக் குளிப்பாட்டும்போது விரலில் ஈரத்துணி சுற்றிப் பற்களைத் துடைக்குமாறு ஷாஃபிஈ நூல்கள் கூறுகின்றன. இறந்தவருக்கு இதனைச் செய்யும் நாம், மாதக்கணக்கில் படுத்திருக்கும் தாய்க்கு முகம் துடைத்து உடை மாற்றுவதோடு நின்றுவிடுகிறோம். வாயைத் திறந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

இந்த அலட்சியம் உயிரையும் வாங்கும். வாயிலுள்ள கிருமிகள் எச்சிலுடன் நுரையீரலில் இறங்கி நிமோனியாவை உண்டாக்குகின்றன. ஜப்பானின் 11 முதியோர் இல்லங்களில் ஈராண்டுகள் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், உணவுக்குப்பின் பணியாளர் வாயைத் தூய்மை செய்துவிட்ட முதியோரில் 11 விழுக்காட்டினருக்கு நிமோனியா கண்டது; மற்றோரில் 19 விழுக்காட்டினருக்கு.

நோயாளியைச் சாய்த்து அமர்த்த வேண்டும். இயலாவிடின் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். தண்ணீர் சிறிதே போதும். நாவையும் கன்னத்தின் உட்புறத்தையும் துடைத்து, பொய்ப்பற்களை இரவில் கழற்றிக் கழுவ வேண்டும். நினைவு தவறியவரின் பற்களுக்கிடையே விரலை நுழைக்கலாகாது. தொற்று கருதி, குச்சியை மென்று கொடுப்பதும் இன்று வேண்டாம்; வெந்நீரில் ஊறவைத்தால் அது தானே மென்மையாகிவிடும்.