பலெர்மோவிலிருந்து ஊருக்கு: காசு போன வழிகள்

பலெர்மோவின் பல்லாரோ சந்தையை அண்டிய ஒழுங்கைகளில் காசு அனுப்பும் கடைகள் பல உண்டு. கடைக்காரரிடம் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது, 'இண்டைக்கு என்ன விலை?' என்றுதான். ஒரு யூரோவுக்கு எத்தனை ரூபாய் என்பது அந்தக் கேள்வி. கூலி எவ்வளவு என்பது அதற்குப் பிறகுதான். இந்த ஒழுங்கு சரியானது. ஏன் என்பதற்குப் பின்னர் வருகிறேன்.

1983இன் பின் சிதறியவர்களில் ஒரு பகுதியினர் சிசிலியில் தங்கினார்கள். 1990இன் மார்த்தெல்லி சட்டம் பலருக்கு வதிவிட அனுமதி தந்தது. கிடைத்த வேலை பெரும்பாலும் வீட்டுவேலையும் முதியோர் பராமரிப்பும். சம்பளம் கையில் காசாக வந்தது. 2018 ஜூலை 1 முதல் இத்தாலியில் சம்பளத்தைக் காசாகக் கொடுக்கக் கூடாது, வங்கி வழியாகவோ காசோலையாகவோதான் கொடுக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. ஆனால் வீட்டுவேலைக்கு அதில் விலக்கு உண்டு. கையில் காசாகச் சம்பளம் வாங்குபவருக்கு வங்கியைவிடக் கடை முகப்பே கிட்டவாக இருக்கிறது.

கடைக்கும் முந்தியது உண்டியல். கோயிலில் காணிக்கை போடும் பெட்டிக்கும் இதற்கும் ஒரே பெயர் என்பது எங்கள் மொழியின் குறும்பு. பர்மா, மலாயா, கொழும்பு என்று கடை வைத்திருந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் ஓலையிலும் தாளிலும் எழுதிய உண்டியல்களால் காசைக் கடல் கடத்தினார்கள். புலம்பெயர்ந்தோர் கையில் அது தொலைபேசி உண்டியல் ஆனது. இங்கே ஒருவரிடம் லீராவைக் கொடுத்தால், அங்கே அவருடைய ஆள் வீட்டு வாசலில் ரூபாயைக் கொடுப்பார். காசு எல்லையைக் கடப்பதே இல்லை. இரு பக்கத்துக் கணக்கும் பிறகு வேறு வழியில் தீர்க்கப்படும். போர்க்காலத்தில் வங்கிக் கிளை எட்டாத ஊர்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கவில்லை. அதே நேரம் பற்றுச்சீட்டும் இருக்கவில்லை. முகவர் தலைமறைவானால் கொடுத்தவர் எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது. உண்டியலைப் பழிப்பவர்களும் புகழ்பவர்களும் இந்த இரண்டில் ஒன்றை மட்டுமே பார்க்கிறார்கள்.

இதெல்லாம் சிசிலிக்காரருக்குப் புதிய கதையல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பலெர்மோத் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாக அமெரிக்கா போனவர்கள் அவர்களுடைய பாட்டன்மார். நியூயோர்க்கில் அவர்களுடைய காசை ஊருக்கு அனுப்பியவர்கள் 'பாங்கிஸ்தி' என்று அழைக்கப்பட்ட குட்டி வங்கியாளர்கள். பலசரக்குக் கடைக்காரர், மதுக்கடைக்காரர், கப்பல் சீட்டு விற்பவர் எல்லோரும் அதில் அடக்கம். தன் ஊர்க்காரர், தன் பேச்சு, கடிதமும் எழுதிக்கொடுப்பார் என்பதால் நம்பிக் கொடுத்தார்கள். சிலர் பணத்தோடு ஓடிப்போனார்கள், சிலர் நொடித்துப்போனார்கள். 1911இல் வெளிவந்த அமெரிக்காவின் டில்லிங்ஹாம் ஆணைக்குழு அறிக்கை இந்தக் குடியேறியோர் வங்கிகளுக்கென்றே தனிப் பகுதி ஒதுக்கியது.

இத்தாலிய அரசு சும்மா இருக்கவில்லை. 1901 பெப்ரவரி 1ஆம் திகதிச் சட்டம், குடிபெயர்ந்தோரின் பணத்தைப் பாதுகாத்து ஊருக்குக் கொண்டுவரும் பொறுப்பை நாப்போலி வங்கியிடம் கொடுத்தது. இலாபம் பார்க்கும் தரகரிடமிருந்து ஏழைகளின் காசைக் காப்பதே நோக்கம். ஆனாலும் பெருந்தொகையானவர்கள் பாங்கிஸ்தியிடமே போய்க்கொண்டிருந்தார்கள். அரச முத்திரையைவிட ஊர்க்காரரின் முகத்தை அவர்கள் நம்பினார்கள். உண்டியல்காரரிடம் போன எங்கள் ஆட்களை அறிந்தவருக்கு இது விளங்கும்.

நூறாண்டு கழித்து அதே அரசு மறுபக்கம் நின்றது. 2009 ஜூலையில் இத்தாலியின் லாக்குவிலா நகரில் கூடிய ஜி-8 தலைவர்கள், பணம் அனுப்பும் சராசரிச் செலவை ஐந்து ஆண்டில் 10 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைப்போம் என்றார்கள். கட்டணங்களை ஒப்பிட்டுப் பார்க்க 'வீட்டுக்குக் காசு அனுப்பு' என்று பொருள்படும் பெயரில் ஓர் இத்தாலிய இணையத்தளமும் அந்த ஆண்டே வந்தது. 2011இல் அதே நாட்டின் நாடாளுமன்றம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே அனுப்பும் பணத்துக்கு 2 சதவீத முத்திரை வரி விதித்தது. சமூகக் காப்புறுதி எண்ணும் வரி எண்ணும் உள்ளவர்களுக்கு விலக்கு; அதாவது வரியின் பாரம் பத்திரம் இல்லாதவர் தலையில். 2012இல் அது நீக்கப்பட்டது. 2018 டிசம்பரில் மறுபடி 1.5 சதவீத வரிக்குச் சட்டம் வந்தது, இம்முறை பத்திரம் உள்ளவருக்கும் சேர்த்து. வங்கி மூலம் அனுப்பினால் அந்த வரி இல்லை. காசு அனுப்பும் கடைக்காரரிடம் போகிறவரைத்தான் அது குறிவைத்தது. 1901ஐ மறந்தவர்களே இப்படிச் சட்டம் எழுத முடியும்.

இலங்கைப் பக்கத்திலும் குறை உண்டு. 2021இல் மத்திய வங்கி டொலரை 200 ரூபாய்க்குச் சற்று மேலே இறுக்கிப் பிடித்திருந்தது. வெளிச்சந்தையில் அதைவிட நன்றாகக் கூடிய விலை. வங்கியால் அனுப்பிய ஒவ்வொரு டொலரிலும் ஊரில் இருப்பவருக்கு அந்த வித்தியாசம் நட்டம். சனம் உண்டியலுக்குத் திரும்பியது. 2020இல் 710 கோடி டொலராக இருந்த முறைசார் வரவு 2021இல் 550 கோடியாகவும் 2022இல் 380 கோடியாகவும் விழுந்தது. உண்டியலில் போனால் தாய்க்குக் கூடக் காசு கிடைத்தது. ஆனால் டொலர் நாட்டுக்குள் வரவில்லை, 2022இல் அதே தாய் மருந்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றாள். இதற்கு அனுப்பியவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விலையைச் செயற்கையாகப் பிடித்துவைத்தவர்கள் அவர்கள் இல்லை.

இப்போது கைத்தொலைபேசிச் செயலிகள் வந்துவிட்டன. 'கூலி இல்லை' என்ற விளம்பரத்தைப் பார்த்து மயங்குபவர்களுக்காக ஒரு கணக்கு. ஒரு பேச்சுக்கு, சந்தையில் யூரோ 330 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 200 யூரோ அனுப்புகிறீர்கள். கூலி 2 யூரோ, தரும் விலை 320. வீட்டுக்குப் போவது 63,360 ரூபாய். சந்தை விலையில் 66,000 போயிருக்கவேண்டும். நட்டம் 2,640 ரூபாய், அதாவது 8 யூரோ. கண்ணில் தெரிந்த கூலி அதில் கால்வாசிதான். மிச்சம் விலையில் ஒளிந்திருக்கிறது. பல்லாரோவில் முதலில் விலையைக் கேட்பவர்களுக்கு இது எவரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும்.

பாரிசில் இருக்கும் தம்பிக்கு அனுப்புவதென்றால் கதை வேறு. 2025 ஒக்டோபர் 9 முதல் யூரோ வலயத்து வங்கிகள் பத்துச் செக்கனில் போகும் உடனடி மாற்றத்தைக் கொடுத்தே ஆகவேண்டும், அதற்குச் சாதாரண மாற்றத்தைவிடக் கூடிய கட்டணமும் எடுக்கக் கூடாது. அந்த விதி சாவகச்சேரிக்குச் செல்லாது. அங்கே அனுப்ப, கிழவியைப் பராமரித்து வாங்கிய தாள்காசை முதலில் அட்டையிலோ கணக்கிலோ ஏற்றவேண்டும். பலர் அதைவிடக் கடைக்குப் போவது சுகம் என்கிறார்கள்.